ஐசோபாட்களுக்குத் தாவரத் துணை உணவு: எதை, எவ்வளவு, எப்படி

சருகைத் தின்று வாழும் சிறு கணுக்காலிகளான ஐசோபாட்களின் பெட்டியில் அன்றாடச் சாப்பாடு என்பது தரையில் கிடக்கும் சருகும் மட்கிய மரமும்தான். கேரட், பூசணி, ஸ்பைருலினா என்ற பாசித் தூள் எல்லாம் அதற்குமேல் கொடுக்கும் துணை உணவு. வளர்க்கத் தொடங்கும் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். காய்கறித் துண்டு அழுகி, அதில் மைட் எனப்படும் நுண்ணிய உண்ணி பெருகி, அடிமண்ணில் புளித்த வாடை வந்த பிறகு உணவு வகையை மாற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் தவறு உணவின் வகையில் இருப்பதில்லை. கொடுத்த அளவிலும், எடுக்காமல் விட்ட நேரத்திலும்தான் இருக்கும்.

ஆகவே முதலில் தரையைச் சரிபாருங்கள். சருகு 4 முதல் 5 செ.மீ. தடிமனுக்கு இருக்க வேண்டும். ஓக், பீச், மேப்பிள், கொய்யா, பாதாம் மரம் என அகன்ற இலை மரங்களின் சருகு எதுவானாலும் சரி. பச்சையாகப் பறித்துக் காயவைத்ததைவிட, தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலை நல்லது. பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறி மென்மையானதை ஐசோபாட்கள் முதலில் தின்னும். அந்த நுண்ணுயிர்களே அவற்றுக்குச் சத்து. நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சிய இலைகள் தரையில் கிடந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். இலையெல்லாம் முழுசாக இருந்து, கேரட் மட்டும் காணாமல் போனால் துணை உணவைப் பாதியாகக் குறையுங்கள்.

சருகில் நார்ச்சத்து நிறைய, நைட்ரஜன் குறைவு. இனப்பெருக்கம் வேகமாக நடக்கும் கூட்டத்துக்கு அந்தக் குறையை நிரப்பவே துணை உணவு தேவைப்படுகிறது. கால்சியத்தை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும், அது பின்னால் வருகிறது.

காய்கறிகள்

காயைத் தேர்ந்தெடுக்கும்போது சத்தைவிட அதிலுள்ள நீரின் அளவை முதலில் யோசியுங்கள். வெள்ளரியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். பூசணியில் 92, கேரட்டில் 88, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 77 சதவீதம் அளவுக்கு இருக்கும். நீர் கூடக் கூட அழுகும் வேகமும் கூடும். காற்றோட்டம் குறைந்த பெட்டியில் வெள்ளரித் துண்டு ஒரே இரவில் வழவழப்பாகிவிடும். அதே பெட்டியில் கேரட் இரண்டு நாள் தாங்கும்.

தொடங்குபவர்களுக்குக் கேரட்தான் பாதுகாப்பான காய். தோலைச் சீவி, 3 மி.மீ. தடிமனில் வட்டமாக வெட்டுங்கள். அதைவிடத் தடியாக வெட்டினால் மேல்பக்கம் காய்ந்து, அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். ஐசோபாட்கள் துண்டின் அடியில் நுழைந்து, கீழிருந்து மேலாகக் குடைந்து தின்னும். மேலிருந்து பார்த்தால் தொடாத மாதிரியே தெரியும். துண்டைத் திருப்பிப் பார்த்தால்தான் நடு முழுக்கக் குழிந்து, ஓரத்தில் ஒரு வளையம் மட்டும் நிற்பது தெரியும். தின்னவில்லை என்று முடிவுகட்டும் முன் திருப்பிப் பாருங்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பச்சையாகவும் கொடுக்கலாம். 5 நிமிடம் ஆவியில் வேகவைத்தால் குஞ்சுகளுக்கும் கடிக்க எளிது. பூசணி, சுக்கினி இரண்டும் நல்லவை. ஆனால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொடுக்க வேண்டாம், அந்த வகைக் காய்களில் கசப்பு என்பது குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளின் அடையாளம். உறைந்த பச்சைப் பட்டாணியைச் சுடுநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, தோலை உரித்து நசுக்கிப் போடலாம். புரதமும் கிடைக்கும், நீரும் அளவோடு இருக்கும்.

ஆப்பிள், பேரிக்காய், வாழைப்பழம் போன்றவற்றை மாதம் ஒன்றிரண்டு முறை, நகத்தளவு மட்டும். பழச் சர்க்கரைக்கு ஐசோபாட்களுக்கு முன்னால் பழ ஈக்கள் வந்து சேர்ந்துவிடும்.

இலையும் பூவும்

காய்கறியைவிட உலர்ந்த இலைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மல்பெரி இலை, முருங்கை இலை, டேன்டேலியன், தொட்டால் அரிக்கும் நெட்டில், குதிரைமசால் ஆகியவற்றில் காய்ந்த எடையில் கணிசமான புரதமும் கால்சியமும் உண்டு. அழுகும் தொல்லை குறைவு, நாள்கணக்கில் கிடந்தாலும் கெடாது. செம்பருத்தி, ரோஜா, சாமந்தி இதழ்களைக் காயவைத்துப் போட்டாலும் விரும்பித் தின்னும்.

இலையை நிழலில் ஒரே அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் 4 முதல் 7 நாள் காயவையுங்கள். கையில் எடுத்து மடித்தால் வளையாமல் நொறுங்க வேண்டும். காம்பு வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் டப்பாவில் அடைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததை மூடிய பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் குளிரில் 72 மணி நேரம் வையுங்கள். பூச்சி முட்டைகளில் பெரும்பாலானவை அதில் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறந்தால் இலையில் ஈரம் படியாது.

அடுப்பில் சுட்டும் கிருமி நீக்கலாம். 95 டிகிரியில் 30 நிமிடம் போதும். தரையில் போடும் சருகுக்கு இதைவிட உறையவைப்பதே மேல். கொதிக்கவைத்தால் சத்து நீரோடு போய்விடும்.

பூக்கடையில் வாங்கிய பூ, அலங்காரச் செடியின் இலை, சாலையோரச் சருகு எதையும் பயன்படுத்தாதீர்கள். இமிடாக்ளோபிரிட் போன்ற மருந்துகள் செடியின் சாற்றிலேயே ஏறி, இலைக்கும் இதழுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேர்பவை. கழுவினாலும் போகாது. பூச்சிகளைக் கொல்லவே செய்த மருந்து கணுக்காலிகளுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செடி எங்கே வளர்ந்தது, என்ன தெளித்தார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பறியுங்கள்.

தூள் உணவு

கூட்டம் பெருகியதும் தூள் உணவு கைகொடுக்கும். எல்லா மூலையிலும் தூவலாம், ஒரே இடத்தில் குவிந்து சண்டையிடாது, சிறிய குஞ்சுக்கும் எட்டும். தாயின் அடிவயிற்றுப் பையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு ஆறு ஜோடிக் கால்களே இருக்கும், ஏழாவது ஜோடி தோலுரித்த பிறகு வரும். அந்த வயதில் அவை கேரட் துண்டுவரை நடந்து போவதில்லை.

100 கிராம் தூளுக்கு:

- மல்பெரி அல்லது முருங்கை இலைத் தூள் 40 கிராம்
- குதிரைமசால் தூள் 20 கிராம்
- காய்ந்த பட்டாணி மாவு 15 கிராம்
- ஓட்ஸ் மாவு 10 கிராம்
- ஸ்பைருலினா 5 கிராம்
- உயிரற்ற ஊட்டச்சத்து ஈஸ்ட் 5 கிராம்
- கால்சியம் கார்பனேட் தூள் 5 கிராம்

இந்தக் கலவையில் புரதம் சுமார் 20 சதவீதம் வரும். ஸ்பைருலினாவில் 60 சதவீதம்வரை புரதம் என்பதால் அதன் அளவைக் கூட்டத் தோன்றும், கூட்டாதீர்கள். ஈரம் பட்டதும் அது பசையாகி, வாடை எழுந்து, மைட்களை இழுக்கும். ஓட்ஸைப் பத்து கிராமுக்கு மேல் சேர்க்காததற்கும் அதுவே காரணம். ஈரத் தானிய மாவு தானிய மைட்டுக்கு விருந்து.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக அரைத்து, சல்லடையில் சலித்து, பிறகு கலக்குங்கள். சேர்த்து அரைத்தால் இலை நார் மேலும் மாவு அடியுமாகப் பிரிந்துவிடும். அரைத்த சூடு ஆறும்வரை திறந்து வைத்திருந்து, பிறகே இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் அடையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் நன்றாக இருக்கும். அதில் மண் வாடையோ கட்டியோ தெரிந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

நடுத்தர அளவுள்ள 50 ஐசோபாட்களுக்கு வாரம் ஒருமுறை, ஒரு தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு போதும். எடையில் அது கால் கிராம்தான். பார்ப்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும், அதுதான் சரியான அளவு. பட்டை அல்லது உலர்ந்த இலையின்மேல் தூவுங்கள். ஈர மண்ணில் நேராகத் தூவினால் இரண்டு நாளில் வெள்ளைப் பஞ்சாகப் பூஞ்சை எழும்.

அகர் கட்டி

பெரிய உடல் கொண்ட மரவட்டை, நத்தை, கரப்பான்களுக்குத் தூளைவிட இது வசதி. ஐசோபாட்களுக்கும் ஆகும். அகர் கடற்பாசியிலிருந்து வருவது என்பதால் முழுக்கத் தாவர உணவாகவே இருக்கும்.

100 மி.லி. தண்ணீரில் 1.5 கிராம் அகர் தூளைக் கரைத்து, கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டு, கொதி வந்தபின் 2 நிமிடம் வையுங்கள். கொதிக்காத அகர் உறையாது. இறக்கி, 60 டிகிரிக்குக் கீழ் ஆறியதும் மேலே சொன்ன தூள் 15 கிராம் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். அகர் 35 முதல் 40 டிகிரியில் உறைந்துவிடும், எனவே அதற்கு முன் கை விரைய வேண்டும். தட்டில் 5 மி.மீ. உயரத்துக்கு ஊற்றி, உறைந்ததும் 1 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, தட்டோடு உறையவைத்த பிறகு பையில் போடுங்கள். ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். உறைந்து உருகினால் கொஞ்சம் நீர் விடும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

வைக்கும் முறை

பெட்டியில் ஒரு பக்கம் ஈரமாகவும் மறுபக்கம் உலர்வாகவும் இருக்கும் அல்லவா, இரண்டும் சேரும் எல்லையில் உணவை வையுங்கள். ஈரப் பக்கத்தில் வைத்தால் அழுகும், உலர்ந்த கோடியில் வைத்தால் ஐசோபாட்கள் அங்கே அதிக நேரம் தங்காது. அவை செவுள் போன்ற உறுப்புகளால் மூச்சுவிடுபவை, அந்த உறுப்புகள் ஈரமாக இருந்தாக வேண்டும்.

உணவுக்கு அடியில் தட்டையான பட்டைத் துண்டோ சிறு தட்டோ கட்டாயம் வையுங்கள். மிச்சத்தை அப்படியே தூக்கி எறியலாம், மண்ணில் சாறு இறங்காது. இரவில் நடமாடும் உயிரினங்கள் என்பதால் மாலையில் வைத்து, மறுநாள் மாலையில் மிச்சத்தைப் பாருங்கள். காய்கறி 24 மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த முறை பாதி அளவு. 6 மணி நேரத்திலேயே தீர்ந்தால் சற்றுக் கூட்டலாம். 48 மணி நேரத்தைத் தாண்டி எந்தக் காயும் பெட்டியில் இருக்கக் கூடாது.

50 பெரிய ஐசோபாட்கள் உள்ள பெட்டிக்கு 3 செ.மீ. அகலக் கேரட் வட்டம் ஒன்று, வாரம் இரண்டு முறை. இந்த அளவிலிருந்து தொடங்கி, மிச்சத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். புதிதாக வாங்கி வந்த கூட்டத்துக்கு முதல் வாரம் சருகு மட்டும் போதும்.

இனத்துக்கு இனம் பசி வேறுபடும். போர்செல்லியோ லேவிஸ், போர்செல்லியோ ஸ்கேபர், போர்செல்லியோனைடிஸ் புருயினோசஸ் ஆகியவை அதிகம் தின்பவை, புரதத்தையும் தேடுபவை. பட்டினியாக விட்டால் தோலுரிக்கும் தம் கூட்டாளிகளையே கடிக்கும். அர்மாடிலிடியம் இனங்கள் நடுத்தரம். கியூபாரிஸ் இனங்கள் மெதுவாக வளர்பவை, மட்கிய மரத்தை நம்பியே வாழ்பவை. அவற்றின் பெட்டியில் வாரம் ஒரு சிட்டிகைத் தூளுக்கு மேல் போடாதீர்கள். ட்ரைக்கோரைனா டோமென்டோசா போன்ற குட்டி வெள்ளை ஐசோபாட்கள் மண்ணுக்குள்ளேயே இருக்கும். துண்டு உணவு அவற்றுக்குப் பயன்படாது, மென்தூள்தான் சரி.

கால்சியம்

ஐசோபாட் தோலுரிப்பது இரண்டு தவணையாக. முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. உரிப்பதற்கு முன் பின்பாதித் தோலிலிருந்த கால்சியத்தை எடுத்து, உடலின் முன்பகுதி அடிப்பக்கத்தில் சேமித்து வைக்கும். கண்ணாடி ஓரமாக நடக்கும் ஒன்றைக் கீழிருந்து பாருங்கள். முன் கால்களுக்கு நடுவே சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அது உரிக்கப் போகிறது. அந்த நேரம் தொந்தரவு செய்யாதீர்கள். உரித்த தோலையும் அப்புறப்படுத்த வேண்டாம், அவையே தின்று கால்சியத்தைத் திரும்பப் பெறும்.

தாவர உணவில் மட்டும் இந்தத் தேவை முழுதாகத் தீராது. கணவாய் ஓடு, வேகவைத்துப் பொடித்த முட்டை ஓடு, சுண்ணாம்புக்கல் இவற்றில் ஒன்று எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும். பசலை, சுவிஸ் சார்ட் போன்ற கீரைகளில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். அது கால்சியத்தோடு பிணைந்து உடலில் சேரவிடாது. எப்போதோ ஒருமுறை கொடுத்தால் ஒன்றும் ஆகாது, அன்றாட உணவாக வேண்டாம்.

கொடுக்கக் கூடாதவை

உப்பு, எண்ணெய், மசாலா பட்ட சமைத்த உணவு எதுவும் கூடாது. வெங்காயம், பூண்டு, மிளகாய் வேண்டாம். பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் சோலனைன் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலிலுள்ள லிமோனீன் எண்ணெயைப் பல பூச்சிகள் தாங்காது. தைலமரம், தேவதாரு, பைன் ஆகியவற்றின் பிசினும் எண்ணெயும் மிகுந்த பச்சை இலையையும் தவிருங்கள்.

காப்பர் கலந்த பூஞ்சைக்கொல்லி தெளித்த இலையில் இன்னும் கவனம் தேவை. ஐசோபாட்களின் இரத்தத்துக்கே செம்பு வேண்டும், அதை அவை உடலில் சேர்த்து வைக்கும் தன்மையும் கொண்டவை. ஆனாலும் அளவு மீறினால் நஞ்சு. விதைக்காக விற்கும் தானியத்தில் நிறமேற்றிய மருந்துப் பூச்சு இருக்கும். முயல் தீவனக் குச்சிகள் வாங்கினால் மருந்து கலந்ததா என்று லேபிளைப் படியுங்கள்.

ஏதாவது கெட்டுப்போனால்

கண்ணாடியிலும் உணவிலும் மெதுவாக நகரும் வெண்புள்ளிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தால் அவை தானிய மைட்கள். பூஞ்சையை மேயும் சிற்றுயிரான ஸ்பிரிங்டெயிலும் வெள்ளைதான். ஆனால் அது நீண்ட உடல் கொண்டது, தொட்டால் குதிக்கும். மைட் உருண்டையாக இருக்கும், குதிக்காது. எல்லாத் துணை உணவையும் மூன்று வாரம் நிறுத்துங்கள், சருகு மட்டும் இருக்கட்டும். ஐசோபாட்கள் பட்டினியில் சாகாது. மூடியின் காற்றுத் துளைகளைக் கூட்டுங்கள். இரவில் ஒரு வெள்ளரித் துண்டு வைத்து, காலையில் அதில் ஏறிய மைட்களோடு அகற்றுங்கள். அதிலுள்ள ஐசோபாட் குஞ்சுகளை முதலில் மென்தூரிகையால் தட்டிவிட மறக்காதீர்கள். பூச்சிமருந்து எதுவும் இதற்கு வழியில்லை, மைட்டைக் கொல்வது ஐசோபாட்டையும் கொல்லும்.

உணவில் பூஞ்சை வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்பிரிங்டெயில் உள்ள பெட்டியில் அவை அதை மேய்ந்துவிடும். மண்ணிலிருந்து புளித்த அல்லது அழுகிய முட்டை வாடை வந்தால் அடியில் காற்றுப் போகவில்லை என்று பொருள். அந்த இடத்து மண்ணை ஒரு கை அள்ளி வெளியே போட்டு, உலர்ந்த சருகைக் கலந்து, ஒரு வாரம் தண்ணீர் தெளிப்பதைக் குறையுங்கள். கறுப்புச் சிறு ஈக்கள் பறந்தாலும் இதே வைத்தியம்தான், கூடவே ஒட்டும் மஞ்சள் அட்டையை மூடிக்கு வெளியே வையுங்கள்.

மற்ற உயிரினங்கள்

மரவட்டைகளுக்கு மட்கிய அகன்ற இலை மரமும் சருகும் கலந்த அடிமண்ணே உணவு. வெள்ளரி, பூசணி, அகர் கட்டி ஆகியவற்றை வாரம் ஒருமுறை கொடுத்தால் போதும். மண் சத்தில்லாமல் போனால் காய்கறி கொட்டினாலும் மெலியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்கிய மரத்தைக் கையால் உதிர்த்துச் சேருங்கள்.

டூபியா கரப்பானுக்கும் மடகாஸ்கர் சீறும் கரப்பானுக்கும் உலர்தூள் எப்போதும் தட்டில் இருக்கலாம், நீருக்குக் கேரட்டோ சுக்கினியோ தனியாகக் கொடுங்கள். தூளையும் ஈரக் காயையும் ஒரே தட்டில் போடாதீர்கள். புரதத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உடலில் யூரிக் அமிலம் தேங்கும், ஆயுள் குறையும். மேலே சொன்ன கலவையில் ஸ்பைருலினாவையும் ஈஸ்டையும் நீக்கிவிட்டு அந்தப் பத்து கிராமை ஓட்ஸாகப் போடலாம். கரப்பான் தட்டு உலர்வாக இருப்பதால் மைட் பயம் குறைவு.

நில நத்தைகளுக்குச் சர்க்கரைவள்ளி, சுக்கினி, லெட்டூஸின் அடர்பச்சை வகைகள், டேன்டேலியன் இலை. கணவாய் ஓடு முழுத்துண்டாக எப்போதும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் ஓட்டை ஒன்று சுரண்டும்.

குச்சிப்பூச்சிகளுக்கு இந்தக் கட்டுரையின் துணை உணவு எதுவும் பொருந்தாது. ஒவ்வோர் இனத்துக்கும் தனக்கென்று சில செடிகள் உண்டு. பரவலாக வளர்க்கப்படும் கராசியஸ் மோரோசஸ் ஐவி, பிராம்பிள், பிரிவெட் இலைகளைத் தின்னும். அந்தக் கிளையைக் குறுகிய வாயுள்ள பாட்டிலில் நீரூற்றிச் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். திறந்திருந்தால் குஞ்சுகள் உள்ளே இறங்கி மூழ்கிவிடும்.